கைப்பிடி இல்லாத கதவு

டக்!

காற்று தள்ளிய வேகத்தில் கார்க் கதவு சாத்திக்கொண்ட பிறகுதான் மெக்கானிக்குக்கு உறைத்தது. உள்பக்கக் கைப்பிடிகளையும் கண்ணாடி இறக்கும் பிடிகளையும் நேற்று முலாம் பூச அனுப்பியது அவனேதான். நான்கு கதவிலும் வெறும் ஓட்டை. ஹாரன் அடிக்கலாமென்றால் பேட்டரியும் இல்லை.

முதலாளியிடம் முப்பது பழைய கார்கள். வருடத்தில் ஒரே நாள் ஊருக்குத் திறந்துவிடுவார். இந்தக் கறுப்புக் காரில் அவர் அப்பாவுக்குப் பிறகு யாரும் உட்கார்ந்ததில்லை என்பது ஊருக்கெல்லாம் அவர் சொல்லும் பெருமை. உட்கார்ந்தால் வேலை காலி. போன வருடம் பெயிண்டர் அப்படித்தான் போனான். அதனால் மெக்கானிக் எப்போதும் வெளியே மண்டியிட்டே வேலை பார்ப்பான். இன்று முட்டி வலி. டாஷ்போர்டு கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஒரே நிமிஷம் என்று ஏறி உட்கார்ந்தான்.

தட்டிக் கூப்பிடக் கையை ஓங்கினான். அதற்குள் கேட் திறந்து கூட்டம் வந்துவிட்டது. கூடவே முதலாளியும்.

"சார், உள்ள ஒரு ஆளு இருக்காரே?"

முதலாளி திரும்பினார். முகம் வெளிறியது. அடுத்த நொடியே சிரிப்பு.

"பொம்மைங்க. அந்தக் காலத்து டிரைவர் மாதிரி செஞ்சு வெச்சிருக்கோம்."

கண்கள் மட்டும் கண்ணாடி வழியே சொல்லின: அசைஞ்சே, தொலைஞ்சே!

"அட, கிரீஸ் கறை கூட தத்ரூபம்யா!"

"மூக்கைத்தான் கொஞ்சம் பெருசாப் பண்ணிட்டாங்க."

மெக்கானிக் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி விறைத்திருந்தான். முற்றத்து வெயில் காரின் தகரக் கூரையைக் காய்ச்சியது. வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. துடைக்க முடியாது. அவன் சாவி கொடுத்த கடிகாரம் எதிரே டிக்டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. மணி பதினொன்று. மூடுவது ஐந்துக்கு. அதுவரை மூச்சு தாங்குமா?

அப்போதுதான் மனைவியும் மகளும் வந்தார்கள். வரச்சொன்னதும் அவனேதான்.

"அப்பா!" காரைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் புகுந்து கண்ணாடியில் மூக்கை அழுத்தினாள் மகள்.

அவன் அசையவில்லை.

"அது பொம்மை பாப்பா, தள்ளி வா," என்றார் முதலாளி.

"அம்மா, அப்பா ஏன் என்னைப் பார்க்க மாட்டேங்குறாரு? கோவமா?" உதடு பிதுங்கியது.

அவ்வளவுதான். மெக்கானிக் மெல்லத் திரும்பி, மகளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"பொம்மை கண்ணடிக்குதுடோய்!"

கூட்டம் அலறிய அலறலில், மனைவி கயிற்றைத் தாண்டி வந்து வெளிக் கைப்பிடியில் கை வைத்தாள்.

"ஏம்மா, தொடக்கூடாதுன்னு போர்டு போட்டிருக்கு, தெரியல?" என்றார் முதலாளி.

"உங்க காரை நீங்களே வெச்சுக்குங்க சார். நான் என் வீட்டுக்காரரைத்தான் கூட்டிட்டுப் போறேன்."

டக்!

வெளிக்காற்று முகத்தில் சில்லென்று அடித்தது. வேலை போனது அதற்கப்புறம்தான் அவனுக்கு நினைவுக்கு வந்தது.