தொடாத கை

அகாகி மலைமுடியில் பனி வெளுத்துக் கிடக்க, அம்மலையினின்று இறங்கிய வறண்ட காற்று அறுவடை முடிந்த வயல்களைத் துழாவி, இறவாரங்களில் உலரத் தொங்கிய முள்ளங்கிகளை அசைத்து, நெடுஞ்சாலையின் இருமருங்கும் சிறுகொடி ஏந்தி நின்ற மக்களின் காதுகளைச் சிவக்கச் செய்த புத்தாண்டுக் காலையில், நூற்பாலை அணியின் தோள்கச்சையைக் குறுக்கே அணிந்து ஓடிவந்தான் கனாமே. வரும் வேனிலில் நாட்டின் பெயரால் மாரத்தான் ஓடத் தேர்வானவன் அவன். அதற்கு முன், கச்சையை ஒருவர் மற்றவரிடம் கைமாற்றி ஓடும் ஆலையின் தொடரோட்டத்திலும் அவனை இறக்கியே தீருவேன் என்று நின்றவர், அணியின் பயிற்றுநரும் அவனைப் பெற்றவருமாகிய இவாக்கி. களத்தில் அவரை 'ஐயா' என்றே அழைக்க வேண்டும் என்பது சிறுவயது முதல் அவனுக்கு விதித்த ஒழுங்கு.

அடுத்தவனிடம் கச்சையைக் கொடுக்கும் இடம் கண்ணுக்குத் தெரிந்த வளைவில், அவன் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அங்கே வலி இருந்ததை முன்பே அறிந்தவர் தந்தை. 'ஓட ஓடச் சரியாகிவிடும்' என்றவரும் அவரே. மகன் கையூன்றி, முழங்கால் தேயக் கருஞ்சாலையில் தவழலானான். பின்வந்த ஊர்தியினின்று இறங்கி அருகே நடந்தார் இவாக்கி. பயிற்றுநரின் கை ஓடுபவன்மேல் பட்டால் அணிக்கு அத்தோடு ஓட்டம் முடிந்தது; அவன் காலைக் காக்க வல்லதும் அந்தக் கை ஒன்றே.

"அப்பா, முடியலப்பா. கை வைங்க."

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இங்க யாருடா உனக்கு அப்பா? இன்னும் கொஞ்ச தூரந்தான். போ."

போனான். கச்சை கைமாறியது, கூட்டம் கண்ணீர் மல்கக் கைதட்டியது, நாளிதழ்கள் அவன் உறுதியைப் புகழ்ந்து தள்ளின. கால் மட்டும் நேராகவில்லை. வேனிலில் அவன் இடத்தில் வேறொருவன் ஓடினான். கனாமே ஆலைக் கிடங்கில் நூற்கண்டுப் பெட்டிகளை அடுக்கி, நொண்டி நொண்டியே நரை கண்டான். அந்தத் தவழலைப் போவோர் வருவோரிடமெல்லாம் பெருமையாகப் பேசித் திரிந்த தந்தையை அவன் ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை.

முதுமையில் இவாக்கிக்கு உடலின் ஒருபுறம் செயலற்றுப் போக, மருத்துவமனைக் கூடத்தில் அவருக்கு நடை பழக்க வந்தவனும் அம்மகனே. பாதி வழியில் அவருக்குக் கால் துவண்டது. நல்ல கையை நீட்டினார்.

"கனாமே, பிடிச்சுக்கடா. விழுந்துருவேன்."

அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"இன்னும் கொஞ்ச தூரந்தான், ஐயா. நடங்க."

அவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார், விளங்கிவிட்டது. சுவரைத் தடவித் தடவி நடந்து, கட்டிலை அடைந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று அவர் சொன்ன அச்சொல்லை ஒருமுறையேனும் அவர் காதில் போட்டுவிட வேண்டும் என்றே இத்தனை ஆண்டும் நெஞ்சில் சுமந்திருந்தான் கனாமே. படிப்போரே, சொன்ன பின்னும் அவன் கால் வலித்துக்கொண்டேதான் இருந்தது.