உள்தாழ்ப்பாள்

சாத்தனேரியில சோத்துக் குண்டானோ சாப்பாட்டு டப்பாவோ, மூடிக்கு உள்பக்கமாத்தான் தாழ்ப்பாள். எந்தப் பாத்திரக் கடையில கேட்டாலும் அப்படித்தான் குடுப்பாங்க. சோத்து மேல யாராவது கோவத்தக் காட்டினா, அது உள்ள இருந்தபடியே தாழ்ப்பாளப் போட்டுக்கும். காட்டாத வீட்டுல தாழ்ப்பாளுக்கு வேலையில்ல. மூடியத் தொறந்ததும் சோறு "தொட்டுக்க என்ன?"ன்னு கேக்கும். கீரைன்னோ கத்திரிக்கான்னோ பதில் சொல்லிட்டுச் சாப்பிட வேண்டியதுதான்.

அன்னைக்குக் காலையில தட்டத் தள்ளிவிட்டது சங்கவி.

சங்கவி காலேஜுல மூணாவது வருஷம் கெமிஸ்ட்ரி. வாய் கொஞ்சம் நீளம். கொஞ்சம்னு சொல்றது ஒரு மரியாதைக்கு. கண்டக்டர் ரெண்டு தடவ விசிலடிச்சா, ஏன் ஒண்ணு பத்தாதான்னு கேக்கற ஆளு. காலேஜுல லைப்ரரி படிக்கட்டுல பசங்க உக்காரலாம், பொண்ணுங்க உக்காரக் கூடாது. "உக்காந்தது யாருன்னு படிக்கட்டு திரும்பிப் பாக்குமா சார்?"னு ஹெச்.ஓ.டி. அருணகிரிகிட்ட கேட்டுட்டா. அதுவும் வகுப்பே பாத்துக்கிட்டு இருக்கயில.

"உங்கம்மா வந்து என் முன்னால நின்னு மன்னிப்பு கேக்கட்டும். அதுவரைக்கும் லேப் வாசல மிதிக்காத"ன்னுட்டாரு அவரு.

திங்கக்கெழம ப்ராக்டிகல் பரிச்ச. லேப்புக்குள்ள போகலேன்னா ஒரு வருஷம் போச்சு.

அவ அம்மா பவளம் ஜவுளிக்கடையில சேலை செக்‌ஷன். கடை தொறந்ததுலேருந்து நிக்கணும். கூட்டம் இல்லேன்னாலும் நிக்கணும். அன்னைக்கு மதியத்துக்கு மேல லீவு சொல்லியிருந்தா.

"மத்தியானம் வந்து சாப்பிட்டுட்டு ரெண்டு பேருமாப் போவோம்"னா பவளம், மகளுக்குக் காலைச் சோத்தப் போட்டுக்கிட்டே. "ரெண்டு நிமிஷம் நின்னுட்டு வந்துர்றேன்டி. நிக்கிறது என்ன எனக்குப் புதுசா?"

அந்த வார்த்தைதான். சங்கவிக்கு அது மீன் முள்ளாட்டம் தொண்டையில குத்திக்கிச்சு.

"நீ ஏன்மா நிக்கணும்? அந்தாளு நிக்கட்டும். எனக்குச் சோறும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

தள்ளின தட்டு செவுத்துல போயி முட்டுச்சு. பவளம் குனிஞ்சு தட்ட எடுத்தா. கை படாத சோறுதானேன்னு அத எடுத்துக் குண்டானுக்குள்ளயே போட்டு மூடினா. செருப்ப மாட்டினா. மக சாப்பிடாம அவளுக்கு எறங்காது. வெறும் வயித்தோடயே கடைக்குக் கெளம்பிட்டா.

அவ தெருமுனை திரும்பினதும் அடுப்படியில சடக்குன்னு ஒரு சத்தம்.

சங்கவி வந்து மூடியத் தூக்கிப் பாத்தா. வரல. கரண்டிக் காம்ப விட்டு நெம்பினா. ம்ஹூம். சரின்னு எதிர்ல சம்மணம் போட்டு உக்காந்தா.

"நான் உன்னத் தள்ளல. தட்டத் தள்ளினேன். தட்டு வேற, நீ வேற."

மூடிய விரலால தட்டிப் பாத்தா.

"பேசிட்டிருக்கும்போதே கதவச் சாத்திக்கிறதுக்குப் பேரு என்ன தெரியுமா? ஹெச்.ஓ.டி."

குண்டான் மேடையிலேருந்து எறங்கி, வாசப் பக்கமா ஒரு முழம் நகந்து உக்காந்துக்கிச்சு.

சன்னல்ல ஜெயக்கொடி அக்கா தலை தெரிஞ்சுச்சு. பக்கத்து வீடு. "தாழ்ப்பாள் சத்தம் எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு. நீதான?"

"நான்தான்."

"பொழுதடையறதுக்குள்ள சமாதானம் பண்ணிரு. வெளக்கேத்துற நேரத்துக்கு அது வாசப்படியத் தாண்டிச்சுன்னா அம்புட்டுத்தான். எங்க வீட்டுல அப்படித்தான் போச்சு."

அது ஊருக்கே தெரியும். அவ வீட்டுக்காரரு ஒரு நாள் தட்டத் தூக்கி வீசினாரு. அன்னைக்குச் சாயங்காலமே அவங்க வீட்டுச் சோறு பஸ் ஏறிருச்சு. இப்ப பெரியகுளம் பக்கம் ஒரு மெஸ்ஸுல சௌக்கியமா இருக்காம். இங்க மூணு வேளையும் உப்புமாதான்.

"உப்புமாவுக்குக் கோவம் வராதாக்கா?"

"அதுக்கு ரோஷமே கெடையாதுடி. என்ன திட்டினாலும் அங்கனயே கெடக்கும்."

சங்கவி குண்டானப் பாத்தா. தனக்கு உப்புமாவே போதும். ஆனா அம்மா? வெறும் வயித்தோட நின்னுட்டு வருவா. அதே வயித்தோட ஹெச்.ஓ.டி. முன்னால போயும் நிக்கணும். ஒரு வாய் சோறாவது உள்ள போகணும்.

"மன்னிப்பு கேக்கணுமா?"

"கேட்டா சட்டுன்னு முடியும்."

"கேக்க மாட்டேன்."

"தெரியும். அப்பப் பருப்புத் தொவையல் அரை. கொழம்பு கிழம்புன்னு வச்சேன்னா காக்கா புடிக்கிறேன்னு நெனைக்கும். தொவையல்னா வீட்டு மனுசங்க வைக்கிறது. பருப்பு கருகாமப் பாத்துக்க."

சங்கவி வடச்சட்டிய அடுப்புல வச்சா. ஒரு சொட்டு எண்ணெய், ரெண்டு கை தொவரம்பருப்பு. கரண்டி கையில இருந்துச்சு, மனசு காலேஜுல இருந்துச்சு. 'நீங்க சொல்றதுல ஒரு நியாயம் இருக்கா சார்'னு ஆரம்பிச்சு ஒவ்வொரு வரியா அடுக்கிக்கிட்டே வந்தா. கடைசி வரி ரொம்ப நல்லா வந்துச்சு. பருப்பு கரியாப் போயிருந்துச்சு.

குண்டான் இன்னும் ஒரு முழம் நகந்துச்சு.

"கோவத்தோட வறுக்காதடி"ன்னு சன்னல்லேருந்து குரல் வந்துச்சு.

"கோவத்த எங்கக்கா போடச் சொல்ற? குப்பையிலயா?"

"எதுக்குக் குப்பையில? மிளகாயில போடு. அது தாங்கும்."

இது நியாயமான பேச்சாப் பட்டுச்சு சங்கவிக்கு. மறுபடி பருப்பப் போட்டா. இந்தத் தடவ வாயத் தொறக்கல. தீயக் கம்மியா வச்சு, செவந்து வாசம் கெளம்பினதும் எறக்கினா. அப்புறம் காஞ்ச மிளகாய எடுத்து, காம்பக் கிள்ளி, ஒண்ணொண்ணா எண்ணெயில விட்டா. படிக்கட்டுக்கு ஒண்ணு. லேப் வாசலுக்கு ஒண்ணு. 'நின்னு'ன்னு அந்தாளு சொன்னாரே, அதுக்கு மூணு. கடைய நெனச்சு ஒரு கைப்பிடி. அம்மாவ நெனச்சு எடுத்த மிளகாய மட்டும் திரும்ப டப்பாவுலயே போட்டுட்டா.

பூண்டு, கீத்துத் தேங்காய், கோலிக்குண்டு அளவு புளி, உப்பு. எல்லாத்தையும் சின்ன ஜாருல போட்டு, தண்ணிய விரலால தெளிச்சுத் தெளிச்சு ஓட்டினா. மைய அரைச்சா அது தொவையல் இல்ல, பேஸ்ட்டு. கொரகொரப்பா நின்னதும் நிறுத்தினா. உருட்டிக் கிண்ணத்துல வச்சு, குண்டான் முன்னால கொண்டுபோயி வச்சா. காரம் வீடு பூரா ஏறி ஜெயக்கொடி அக்கா தும்மினா.

குண்டான் நகரல. தொறக்கவும் இல்ல.

சங்கவி பாத்தா, பாத்தா. அப்புறம் எந்திரிச்சா. "இதுக்கு மேல என்னால முடியாது. நீ பெரியகுளம் போறதுன்னா போ. பஸ் அரசமரத்துக்கிட்ட நிக்கும்."

பாத்திரத்தையாவது கழுவி வைப்போம்னு ஜார எடுத்துக்கிட்டுக் குழாயடிக்குப் போனா. பிளேடச் சுத்தி, ஓரத்துல எல்லாம் தொவையல் அப்பியிருந்துச்சு. குழாயத் தொறக்கக் கைய வச்சா.

"கழுவிராத."

சோறு அந்த ஒரு கேள்வியத் தவிர வேற பேசி அந்த ஊர்ல யாரும் கேட்டதில்ல. சங்கவி குழாயிலேருந்து கைய எடுத்தா. குண்டானுக்குள்ள தாழ்ப்பாள் வெலகுச்சு. மூடி ஒரு ஓரமாத் தூக்கி, ஒரு கைப்பிடிச் சோறு மட்டும் வெளிய வந்துச்சு. வந்து ஜாருக்குள்ள எறங்கிச்சு. எறங்கி, பிளேடு இடுக்குலயும் ஓரத்துலயும் பெரண்டு, செவப்பா ஆயி, ஒரு உருண்டையா நின்னுச்சு.

அரைச்ச ஜார வழிச்சுச் சாப்பிடாமக் கழுவறத எந்தச் சோறாலயும் பாத்துக்கிட்டு இருக்க முடியாது. கோவம் வேற, இது வேற.

சங்கவி அந்த உருண்டைய வாயில போட்டா. காலையிலேருந்து அதான் மொதல் வாய். கண்ணுல தண்ணி கொட்டுச்சு. மிளகாதான்.

"தொட்டுக்க என்ன?"ன்னு குண்டான் கேட்டுச்சு.

"தெரியாத மாதிரிக் கேக்குற பாரு"ன்னா சங்கவி. குண்டானத் தூக்கி மேடையிலயே வச்சா.

மதியம் பவளம் வந்தா. சோத்துல நல்லெண்ணெய் ஊத்தி, தொவையல வச்சுப் பெசஞ்சு, ரெண்டு தடவ போட்டுச் சாப்பிட்டா. மிளகா டப்பாவ ஒரு தரம் எட்டிப் பாத்தா. மிச்சத் தொவையலயும் கொஞ்சம் சோத்தையும் டிபன் பாக்ஸுல அடச்சு எடுத்துக்கிட்டா. "கெளம்புடி"ன்னா.

அருணகிரி சார் ரூமுல ஃபேன் மட்டும் பேசிக்கிட்டு இருந்துச்சு. மேசை மேல அவரு சாப்பாட்டு டப்பா. பவளம் முன்னால போயி நின்னா. கைய ஒண்ணாச் சேத்தா. வாயத் தொறக்கப் போனா.

"சார்"னா சங்கவி. "மணி நாலாவுது. ஏன் இன்னும் சாப்பிடல?"

அவரு டப்பாவப் பாத்தாரு. மூடியோரம் பூரா நகத்தால நெம்பின கீறல்.

"காலையிலயே தாழ்ப்பாளப் போட்டுக்கிச்சு"ன்னாரு.

"தொட்டுக்க என்ன?"

"பீட்ரூட் பொரியல்"னாரு.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இதெல்லாம் ஒரு பொரியலான்னேன். சமைச்சவளத்தான் சொன்னேன். சோறு எதுக்கு இடையில வருது?"

"தட்டு வேற நீ வேறன்னு நானும் சொல்லிப் பாத்தேன் சார். எடுபடாது."

பவளம் டிபன் பாக்ஸத் தொறந்தா. காரம் மேசையத் தாண்டிப் போச்சு. அவரு எச்சி முழுங்கினாரு. சங்கவி பாக்ஸுக்குக் குறுக்க கைய வச்சு மறிச்சுக்கிட்டா.

"எங்கம்மா நிக்கிறாங்க சார்."

அவரு ஓரத்து நாற்காலியக் கைகாட்டினாரு.

"உக்காருங்கம்மா"ன்னாரு.

பவளம் திரும்பி நாற்காலியப் பாத்தா. தொடச்சுட்டு உக்காந்தா. சங்கவி கைய எடுத்தா, தொவையல் அவரு டப்பாவுக்கு முன்னால போச்சு. சடக்குன்னு தாழ்ப்பாள் வெலகுச்சு.

"தொட்டுக்க என்ன?"

"பருப்புத் தொவையல். காரம் தூக்கல்"னா சங்கவி. அவரு மிளகாயும் அதுலதான் இருந்துச்சு.

அவரு சாப்பிட்டாரு. மொதல்ல மூக்கு செவந்துச்சு, அப்புறம் காது. மன்னிப்புன்னு ஆரம்பிக்க ரெண்டு தடவ வாயத் தொறந்தாரு. ரெண்டு தடவையும் ஸ்ஸுன்னு காத்துதான் வந்துச்சு. கடைசியில தண்ணியக் குடிச்சிட்டு, "திங்கக்கெழம வந்துரு"ன்னாரு.

"படிக்கட்டு?"

"அதப் படிக்கட்டுக்கிட்டயே கேட்டுக்க."

லைப்ரரி வாசல்ல வெயில் எறங்கியிருந்துச்சு. சங்கவி கேட்டா. படிக்கட்டு மறுப்பு ஒண்ணும் சொல்லல. ரெண்டு பேரும் உக்காந்தாங்க.

ஆனா பவளத்துல உக்காந்தது ஒடம்பு மட்டுந்தான். கடையில தெனமும் அவ நின்ன நிப்பு உக்காரல. இன்னொரு பவளமாட்டம், சேலை மடிப்பு கலையாம, கைய முன்னால கட்டிக்கிட்டு, அவ பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்துச்சு. பவளம் அண்ணாந்து அதப் பாத்தா. சங்கவி கொஞ்சம் தள்ளி உக்காந்து நடுவுல எடம் விட்டா. அது கடைப் பக்கம் ஒரு தடவ திரும்பிப் பாத்துச்சு. மேனேஜர் யாரும் இல்ல. மெல்ல முட்டிய மடக்கி, நடுவுல வந்து உக்காந்துச்சு.

சங்கவி டிபன் பாக்ஸ அதுக்கு நேரா நகத்தி வச்சா.

"தொட்டுக்க என்ன?"ன்னு சோறு கேட்டுச்சு. பதில அந்த நிப்பே சொல்லட்டும்னு ரெண்டு பேரும் சும்மா இருந்தாங்க.