பாறை வளைவில் டீ

எஞ்சின் தண்ணீர் கொதித்தால் ஆவி வரும், ஊருக்கே தெரியும். புகை கொதித்தால் யாருக்கும் தெரியாது. அது உள்ளேயே பிஸ்டனை உருக்கி, எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போ வழியே நெருப்பாய்ப் பாய்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வரும். அதனால் புகைச் சூட்டைக் காட்டத் தனியாக ஒரு மீட்டர் வைப்பார்கள். என் வண்டியிலும் அது இருந்தது, டாஷ்போர்டின் அந்தக் கோடியில், பக்கத்து சீட்டைப் பார்த்தபடி. முன்பு ஒரு முறை பிஸ்டன் போனபோது என் மனைவிதான் அதை வைக்கச் சொன்னாள். நான் அதைச் சீந்தியதே இல்லை. ரோட்டைப் பார்ப்பேன், எஞ்சினைக் காதால் கேட்பேன், அதற்கு மேல் என்ன வேண்டும் என்ற திமிர்.

இப்போது பக்கத்து சீட் காலி. காலி சீட்டை இத்தனை தடவை திரும்பிப் பார்க்கிறோமே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. அப்படித் திரும்பியபோதுதான், மலையேற்றத்தில், பாறை வளைவில், மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நிற்பதைப் பார்த்தேன். ஓரம் கிடைத்த இடத்தில் திருப்பிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

நாங்கள் வீட்டைக் கையோடு இழுத்துக்கொண்டு திரிகிறவர்கள். நான் வெல்டர். குழாய் பதிக்கும் வேலை எங்கே நடக்கிறதோ, அங்கே எங்கள் சக்கர வீடும் வண்டிக்குப் பின்னால் வந்துவிடும். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, மடித்து வைக்கிற மேசை. மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்து மலைக்கு அந்தப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறாள். அடுக்குமாடி, ஹாலில் சோபாதான் படுக்கை.

"மக நல்லாத்தான் பாத்துக்கறா," என்றாள் போனில். "ஆனா தண்ணி குடிக்க எழுந்தாக்கூட வீடே முழிச்சுக்குது. நம்ம வீட்டக் கொண்டு வாங்க. மழை பிடிச்சா பாதைய மூடிடுவாங்க, அப்பறம் திறக்க மாசக்கணக்காகும்."

பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று கேட்பீர்கள். போனேன். சோபா நுனியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்து, மாப்பிள்ளையோடு வெயிலைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பி வந்தேன். அவளோடு தனியாக ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பார்த்துவிட்டு வந்த கணக்கில் சேர்க்க முடியாது.

இங்கே வேலை முடிந்து ஆட்கள் கலைந்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய மைதானத்தில் என் வீடு மட்டும் நின்றது. சாயங்காலமானால் தகரக் கூரை சூடு தணிந்து டக் டக்கென்று சொடுக்கும். யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எழுந்து போவேன். ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

வண்டியை சைலன்சரிடம் கொண்டுபோனேன். வாய் ஓயாத மெக்கானிக் ஒருவனுக்கு ஒர்க்ஷாப் ஆட்கள் வைத்த பெயர் அது. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினான், பாதி மைதானம் கொட்டியது. புதிது போட்டான். டர்போக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் இடுக்கில் அடைந்திருந்த பூச்சிகளையும் தூசியையும் ஊதித் தள்ளினான். டர்போவிலிருந்து போகும் ஹோஸில் சோப்புத் தண்ணீர் அடித்துக் காற்று ஏற்றினான். ஓரிடத்தில் குமிழி வந்தது. கிளாம்பை மாற்றினான்.

"காத்து குறைஞ்சா டீசல் முழுசா எரியாதுண்ணே. எரியாதது புகையோட போய்ச் சூடேத்தும். இனிமே பாருங்க, வண்டி பஞ்சு மாதிரி ஏறும்," என்றான். பிறகு பக்கத்து சீட்டுக் கதவைப் பார்த்தான். "இது என்னண்ணே, ஜன்னல்ல இருந்து கீழ வரைக்கும் பழுப்பா வடிஞ்சிருக்கு?"

"துரு. எத்தனை தேச்சாலும் திரும்ப வந்துரும் சனியன்."

"துரு ஜன்னல்ல இருந்தா வடியும்?"

"வந்த வேலையப் பாருய்யா," என்றேன்.

வீட்டைக் கொக்கியில் மாட்டி மறுபடி ஏறினேன். பாறை வளைவில் முள் மறுபடி சிவப்புக்குப் போனது. மறுபடி இறங்கினேன். சைலன்சர் டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கழற்றிச் சோதித்தான், நன்றாக இருந்தது. மீட்டரே பொய் சொல்கிறதோ என்று வேறொன்றை வைத்துப் பார்த்தான், அதுவும் அதையே சொன்னது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வண்டி ஒர்க்ஷாப்பில் நின்ற நாட்களில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அங்கே பேச்சுச் சத்தம் இருந்தது. ஆனால் மலை உச்சியில் மேகம் இறங்க ஆரம்பித்திருந்தது, அதைப் பார்க்கும்போதெல்லாம் சைலன்சரை அவசரப்படுத்தினேன்.

"நானும் கூட வர்றேண்ணே, ஓட்டிக் காமிங்க," என்றான் கடைசியில்.

வீட்டையும் மாட்டிக்கொண்டு கிளம்பினோம். அவன் என் மனைவியின் சீட்டில் உட்கார்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை. காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டான். ஏற்றம் தொடங்கியதும் வானொலி மாதிரி ஆரம்பித்துவிட்டான். "ஏறுதுண்ணே. அறுநூறு டிகிரி. இன்னும் ஏறுது. காலக் கொஞ்சம் எடுங்க. கியரக் குறைங்க."

"எனக்கு ஓட்டச் சொல்லித் தர்றியா?" என்று இன்னும் அழுத்தினேன். சொன்னால் கேட்கிற சுபாவம் எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. டாப் கியரிலேயே வண்டி முனகிக்கொண்டு ஏறியது. எழுநூறைத் தாண்டியதும் அவனுக்கே பேச்சு நின்றுவிட்டது.

பாறை வளைவு தெரிந்தது. கோபத்தை மறைக்க எதையாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னேன். "இங்க வந்தா அவ டீ ஊத்துவா. அப்படி ஒரு டீப் பைத்தியம். ஏத்தம்னா போதும், ஃப்ளாஸ்க்கத் திறந்துருவா."

"ஃப்ளாஸ்க் இங்கதான கிடக்கு?"

கிடந்தது. பழக்க தோஷத்தில் காலையில் நிரப்பி வைப்பேன், ராத்திரி கீழே கொட்டுவேன். தனியாகக் குடிக்கப் பிடிப்பதில்லை. அவன் மூடியைத் திருகினான். டம்ளரில் டீ விழுகிற சத்தம் கேட்டது.

நான் யோசிக்கவே இல்லை. கால் தானாக மிதியிலிருந்து தளர்ந்தது, கை தானாகக் கியரைக் குறைத்தது. டீ சிந்தக் கூடாதல்லவா. எஞ்சின் முனகலை விட்டுக் கலகலவென்று சுற்றியது. வண்டி மெதுவாக, அலுங்காமல் வளைவில் திரும்பியது.

சைலன்சர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மீட்டரையே பார்த்தான். முள் இறங்கிக்கொண்டிருந்தது. அறுநூற்றைம்பது. அறுநூறு. இன்னும் கீழே.

"அண்ணே," என்றான், அவனுக்கே பொருந்தாத மெல்லிய குரலில். "வண்டில ஒரு கோளாறும் இல்லண்ணே."

அவனை இறக்கிவிட்டு நேரே மைதானத்துக்கு வந்து போன் போட்டேன்.

"நீ மீட்டரப் பாத்துத்தான் டீ ஊத்துவியா?"

அந்தப் பக்கம் சிரித்தாள். "இப்பத்தான் தெரியுதா?"

"வாயத் திறந்து சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேனே, ஆரம்பத்துல. இன்னும் அழுத்துனீங்க. அப்பறம் ஒரு நாள் டீ ஊத்தினப்போ மெதுவாப் போனீங்க. சரி, இதுக்குக் கேக்கறாருன்னு விட்டுட்டேன்."

"நான் நீ டீப் பைத்தியம்னு நெனச்சேன்."

"எனக்கு டீ எப்பங்க பிடிச்சுது?" என்றாள். "வாசனையே ஆகாது. நீங்க உங்க டம்ளர முடிக்கறதுக்குள்ள என்னோடத ஜன்னல் வழியாக் கொட்டிருவேன்."

நான் திரும்பி வண்டியில் அவள் பக்கத்துக் கதவைப் பார்த்தேன். ஜன்னலிலிருந்து படிக்கட்டு வரை பழுப்புக் கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. இத்தனை வருஷமாகத் துரு என்று திட்டிக்கொண்டே தேய்த்திருக்கிறேன்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன். அப்ப உனக்கு என்னதான் பிடிக்கும்?"

பின்னால் மாப்பிள்ளையின் டிவி சத்தம் கேட்டது. யாருமே அவளிடம் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. நானும்தான் கேட்கவில்லை.

"வாங்க, சொல்றேன்," என்றாள்.

அன்று மாலை வண்டியையும் வீட்டையும் கழுவினேன், அந்தக் கதவைத் தவிர. விடிந்ததும் கிளம்பினேன். மலையில் சாரல் தொடங்கியிருந்தது. அடிவாரத்திலேயே போன் சிக்னல் போய்விட்டது. ஏற்றத்தில் பேச ஆளில்லை, ஏறுது என்று சொல்ல ஆளில்லை. மீட்டரை இப்போதாவது பார்க்கலாமே என்று திரும்பினால் கண் சீட்டில்தான் போய் நிற்கிறது. பாறை வளைவு வந்தது.

"ஊத்து," என்றேன் காலி சீட்டைப் பார்த்து, சத்தமாக. காலைத் தளர்த்தி, கியரைக் குறைத்தேன். பின்னால் எங்கள் வீடு பிகு பண்ணாமல் வந்தது.

உச்சியில் பாதையைக் காக்கிறவர் தடுப்புக் கட்டையைத் தயாராக நிறுத்தியிருந்தார். "நல்ல நேரத்துல வந்தீங்க, மூடப் போறோம்," என்றார். தாண்டிப் போய் ஓரமாக நிறுத்தி, ஃப்ளாஸ்க்கைத் திறந்து இரண்டு டம்ளரில் ஊற்றினேன். என்னுடையதைக் குடித்தேன். மற்றதை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் சுற்றிப் போய், அவள் ஜன்னலுக்குக் கீழே, பழைய கோட்டின் மேலேயே ஊற்றினேன்.