செவுள் முள்

1

பனையேறிக் கெண்டை தண்ணீருக்கு வெளியேயும் மூச்சு விடும் என்று படித்த அன்று இந்தக் கதை தொடங்கியது. செவுளுக்கு மேலே அதற்கு ஒரு சிறு அறை உண்டு. அதில் காற்றை வாங்கிக்கொள்ளும். குளம் வற்றினால் செவுள்மூடியின் முட்களைத் தரையில் ஊன்றி அடுத்த குளம் தேடிப் போகும். வியந்துபோய் எழுத உட்கார்ந்தேன். வியப்பு நெடுநேரம் நிற்கவில்லை.

2

முதல் தொடக்கம்: 1930களின் ஒரு சித்திரையில், வில்லுக்குறிப் பக்கத்துக் குளமொன்று பொன்வெயிலில்...

(வேண்டாம். அழகாக இருக்கிறது. நடந்தது அழகானதல்ல.)

மறுபடி: குளத்தில் முழங்கால் அளவு சேறுதான் மிச்சம். ராஜையன் அதில் இறங்கிக் கையால் துழாவி மீன் பிடித்துக்கொண்டிருந்தான். மனைவி ஜெயபாய் கரையில் நின்றாள். மணமாகி முதல் கோடை. ஒரு பனையேறிக் கெண்டை கையில் அகப்பட்டபோதே காலடியில் இன்னொன்று துள்ளியது. கையில் இருப்பதைத் தன்னிடம் எறியச் சொன்னாள் ஜெயபாய்.

"நில்லுட்டி, இதையும் பிடிச்சிட்டு வாறேன்" என்றவன், முதல் மீனின் தலையைப் பல்லில் கவ்விக்கொண்டு குனிந்தான்.

[மீன் பிடிப்பவர்கள் செய்வதுதான். அவனை முட்டாளாக்கியும் எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன்.]

மீன் வழுக்கித் தொண்டைக்குள் போயிற்று.

3

ஜெயபாய் சேற்றில் பாய்ந்து, வாய்க்கு வெளியே தெரிந்த வாலைப் பிடித்து இழுத்தாள். உள்ளே செவுள்மூடி விரிந்தது. இழுக்க இழுக்க முட்கள் ஆழமாக ஏறின. பக்கத்து வயலிலிருந்து தாணுமாலயன் ஓடிவந்து அவள் கையைப் பற்றினார்.

"இழுக்காத பிள்ளே. உள்ள முள்ளு விரிஞ்சு நிக்கி."

அவள் இழுப்பதை நிறுத்தினாள். வாலை விடவில்லை. தரையில் ஊன்றிப் பிழைக்க வாய்த்த முள், ஓர் ஆளின் சதையில்...

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.)

தாணுமாலயன் மாட்டுவண்டி பூட்டி ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். பாதி வழியில் ராஜையனின் நெஞ்சு அடங்கியது. ஜெயபாயின் விரல்களுக்குள் வால் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

4

அவன் பிழைப்பதாக ஒரு முடிவு எழுதினேன். டாக்டர் மீனை அறுத்தெடுக்கிறார். ராஜையன் இருமி எழுகிறான். அந்தப் பக்கம் முழுக்க ஜெயபாய் ஒரு சொல் பேசவில்லை. கிழித்துப் போட்டேன்.

நடந்தது இதுதான். ஆஸ்பத்திரியில் மீனை வெளியே எடுத்துப் பீங்கான் தட்டில் போட்டார்கள். அது செவுளைத் திறந்தது. மூடியது. மறுபடியும் திறந்தது.

ஜெயபாய் அழவில்லை.

"இது மூச்சு விடுது" என்றாள் நர்ஸிடம், மெதுவாக. "அவரு விடல்லியே."

பிறகு மீனைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். முற்றத்தில் ஒரு பக்கம் கிணறு, மறுபக்கம் துவைகல். இரண்டையும் அங்கே வைத்தது நான்தான். அவள் எந்தப் பக்கம் திரும்பினாள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நீங்கள் எழுதுங்கள். சீக்கிரம். அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.