கம்பி பிடிக்கிறவள்

மன்னார்த் தீவின் பேசாலையில் சேவல் கூவுமுன்னே இரும்பு கூவும். வெயில் ஏறினால் கம்பியைத் தொட ஏலாது. மத்தியானமானால் மின்சாரம் இழுபட்டு மெசின் முனகும். அதனால் கிழக்கு வெளிக்கும்போதே வீட்டுக்கு வீடு இரும்பு வெட்டும் கிறைண்டர்கள் அலறத் தொடங்கிவிடும்.

எடித்தின் முற்றத்திலும் அப்படித்தான். மணலில் பாதி புதைந்த மரக்குற்றியில் கம்பியை வைத்து, ஒரு முனையைக் குதிக்காலால் மிதித்து, மறுமுனையை இரண்டு கையாலும் அமத்திக்கொண்டு அவள் குந்தியிருந்தாள். அவளுடைய மனுசன் பெனடிக்ற் குனிந்து மெசினை இறக்கினான். பொறி அவளுடைய முழங்கையில் விழுந்து மயிரைப் பொசுக்கியது. எரிந்த இரும்பின் வாடையும் கரையிலிருந்து வந்த கருவாட்டு வாடையும் ஒன்றாய் மூக்கில் ஏறின. முகத்தைத் தோளுக்குள் புதைத்துக் கண்ணை இறுக்கிப் பொத்திக்கொள்வதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு. கம்பி துண்டாகும்போது சத்தம் மாறும். அதைக் கேட்டுத்தான் காலை எடுப்பாள்.

கடலில் மீன்பாடு விழாமற்போன நாளிலிருந்து இதுதான் பிழைப்பு. நண்டுக் கூட்டுக்கு இரும்புச் சட்டம். றொகான் முதலாளி தன் சின்ன லொறியில் கம்பி கொண்டுவந்து இறக்குவான். வெட்டி, வளைத்து, வெல்டிங்கில் ஒட்டி வைத்தால் வந்து ஏற்றிக்கொண்டு போவான். மெசின் அவனுடையது. பெரிய வெட்டுத் தட்டுப் போட்டால் வேகமாக வெட்டும் என்று, தட்டை மறைக்கும் உறையை அவனே கழற்றிவிட்டுத்தான் தந்தான். மெசினுக்கு ஒரு கண்ணாடியும் தந்தான். அது மெசின் பிடிக்கிறவனுக்கு. கம்பி பிடிக்கிறவளுக்கு ஒன்றுமில்லை. பட்டறை என்றால் கம்பியை இறுக்கிப் பிடிக்க வைஸ் என்றொரு சாமான் பூட்டியிருக்கும். வீட்டுக்கு வைஸ் எதற்கு? அதுதான் பெண்சாதி இருக்கிறாளே.

உயிர்த்த ஞாயிறு கழிந்தபின் றொகான் புதுக்கதை கொண்டுவந்தான். ஒட்டிய இடத்தில் இரும்பு முடிச்சு விழுந்து நிற்கிறதாம், அது வலையைக் கிழிக்கிறதாம், அத்தனை முடிச்சையும் உளி வைத்துத் தட்டி எடுத்துத் தரவேண்டுமாம். கூலியைப் பற்றி பெனடிக்ற் மெல்லக் கேட்டபோது, தட்டுவதற்கு மின்சாரமா செலவாகிறது என்று சிரித்துவிட்டு லொறியில் ஏறிவிட்டான். கூலி நின்ற இடத்திலேயே நின்றது. வேலை மட்டும் ஏறியது.

அன்று வெட்டு முடிந்து முடிச்சுத் தட்டும் வேலை தொடங்கியதும் பெனடிக்ற் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டான். பொறி பறக்காத வேலைக்குக் கண்ணாடி எதற்கு? அந்த ஊரில் எல்லாரும் கிறைண்டருக்குத்தான் பயந்தார்கள். சுத்தியலுக்கு யார் பயந்தது? எடித் உளியை முடிச்சின் அடியில் வைத்து, அது விலகாமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காமல் உளி பிடிக்க முடியாது. சுத்தியல் விழுந்தது. வலது கண்ணில் சுள்ளென்று ஒன்று. மணல் துணிக்கை பட்டதுபோல. அவ்வளவுதான்.

என்னவென்று பெனடிக்ற் கேட்டான். தூசி என்றாள்.

வாளித் தண்ணீரில் கண்ணைக் கழுவினாள். பக்கத்து வீட்டுக் கலாராணி கைப்பிள்ளையோடு ஓடிவந்தாள். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய ஆட்களின் மகள்; அவளும் மனுசன் லெட்சுமணனுக்குக் கம்பி பிடிக்கிறவள்தான். தாய்ப்பால் விட்டால் எல்லாம் கரைந்துவிடும் என்று சொல்லித் தன் பாலையே பீச்சி விட்டாள். முலைப்பாலில் இரும்பு கரையாது என்று அந்த முற்றத்துக்கு யாரும் வந்து படிப்பிக்கவில்லை. பின்னேரமே கண்ணின் நோவு போய்விட்டது. எடித் கும்பிட்டுவிட்டுப் படுத்தாள்.

நோவு இல்லாததுதான் பயங்கரம் என்பது பிறகுதான் தெரிந்தது. காலையில் ஒரு கறுப்பு நூல் கண்ணுக்குள்ளே மிதந்தது. துடைத்தால் போகவில்லை. பிறகு புகை. யாரும் காணாத நேரம் பார்த்து இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கோயில் கோபுரத்தைப் பார்ப்பாள். முதலில் சிலுவை கரைந்தது. பிறகு கோபுரமே புகைக்குள் போனது. கண்ணைக் காக்கும் பள்ளிமுனை லூசியா அம்மாளுக்கு நேர்த்தி வைத்தாள். மனுசனுக்கு மட்டும் சொல்லவில்லை. சொன்னால், சுத்தியல் தன் கையில்தானே இருந்தது என்று அவன் உடைந்துபோவான். சொன்னால் கம்பியும் வராது. கண் பழுதான வீட்டில் வேலை பிந்தும் என்று றொகான் லொறியை அடுத்த வீட்டுக்குத் திருப்பிவிடுவான். ஆகவே எடித் புகைக்குள்ளேயே உளி பிடித்தாள்.

கலாராணிதான் கண்டுபிடித்தாள். எடித் அவளுக்கு ஊற்றிய தேத்தண்ணீர் கோப்பைக்குப் பக்கத்தில் மேசையில் ஓடியது. அவள் எடித்தின் நாடியைப் பிடித்து நிமிர்த்தி வெளிச்சத்தில் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பிள்ளைக்கு ஊசி போடத் துணைக்குப் போவதாகப் பெனடிக்ற்றிடம் பொய் சொல்லிவிட்டு இருவரும் மன்னார் பஸ் ஏறினார்கள்.

ஆஸ்பத்திரிக் கண் பகுதியில் நீள வாங்கொன்றில் மதலேனா உட்கார்ந்திருந்தாள். அதே பேசாலைதான், கரைப் பக்கம் வீடு, மகனுக்குக் கம்பி பிடிக்கிற விதவை. ஒரு கண்ணை லேஞ்சித் துணியால் பொத்தியிருந்தாள். எடித்தைக் கண்டதும் அவள் முகம் வெளிறியது. என்ன சொல்லப் போகிறாய் என்று காதுக்குள் கேட்டாள். பனையோலை குத்திப்போட்டுது என்று சொல்ல இருப்பதாக எடித் சொன்னாள். தானும் அதைத்தான் சொன்னதாக மதலேனா சொன்னாள்.

றொகான் எல்லா ஆண்களுக்கும் சொல்லி வைத்திருந்தான்: ஆஸ்பத்திரியில் மெசின் என்ற பேச்சே எடுக்கக்கூடாது. எடுத்தால் கதை மின்சாரக் கந்தோருக்குப் போகும், வீட்டு மின்சாரத்தில் தொழில் நடக்கிறது என்று லைனை வெட்டுவார்கள், எல்லாருடைய அடுப்பும் அணையும். அந்தப் பயம் ஆண்களிடமிருந்து பெண்களுக்கு இறங்கியிருந்தது. கண்ணைக் காட்ட வந்தவர்கள் எல்லாரும் ஒரே பொய்யைச் சொன்னார்கள். பெயர் பதிந்த தாதி பேனையை வைத்துவிட்டு இருவரையும் பார்த்தாள்.

“பேசாலைப் பனையெல்லாம் இப்ப கண்ணைப் பாத்துத்தான் ஓலை போடுது போல.”

டொக்டர் இளம் சிங்களப் பெண். தமிழ் தட்டித் தட்டி வந்தது. எடித்தின் நாடியைக் கருவியில் ஏற்றி வைத்து நெடுநேரம் பார்த்தாள். அந்த வெளிச்சம் மண்டைக்குள் இறங்கியது. பிறகு கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கேட்டாள்.

“என்ன பட்டது?”

“ஓலை, டொக்டர்.”

“ஓலை எண்டா ஒரு வைத்தியம். இரும்பு எண்டா வேற வைத்தியம். இரும்பு உள்ளுக்கு இருந்தா துரு பிடிக்கும். கண் செத்துப் போகும். சில ஆளுக்கு மற்றக் கண்ணும் போகும். இப்ப சொல்லுங்க. என்ன பட்டது?”

மற்றக் கண். இரண்டு கண்ணும் இல்லாமல் அந்த மணல் முற்றத்தில் தடவித் திரிகிற ஒருத்தியை அவள் கண்டாள். லைன் வெட்டுப்பட்டு இருண்டு கிடக்கும் ஒழுங்கையையும் கண்டாள். எது பெரிய பயம் என்று நிறுக்க நேரமில்லை. வாய் தானாகத் திறந்தது.

“இரும்பு. உளியில சுத்தியல் விழேக்க.”

கதவோரம் வாங்கில் இருந்த மதலேனா எழும்பினாள். “எனக்கும் இரும்புதான், டொக்டர்.”

எக்ஸ்ரே படத்தில் எடித்தின் கண்ணுக்குள்ளே அரிசிக் குறுணி போல ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. வீட்டுக்குப் போகவே கூடாது, அம்புலன்சில் யாழ்ப்பாணம் போகவேண்டும், அங்கேதான் வெட்டி எடுக்க முடியும் என்றார்கள். மதலேனாவின் இரும்பு மேலோடு நின்றிருந்தது. மருந்து விட்டு மரக்கச் செய்து எடுத்துவிட்டார்கள். கண் தப்புமா என்று எடித் கேட்டாள். தெரியாது என்றாள் டொக்டர்.

கலாராணி போன் பண்ண, பெனடிக்ற் வந்து சேர்ந்தான். தனியே வரவில்லை. றொகானின் லொறியில் வந்தான். றொகானின் கையில் ஒரு பை அப்பிள். ஆஸ்பத்திரி விறாந்தையில், பிளாஸ்ரிக் மூடி கட்டிய கண்ணோடு எடித் இருந்தாள். பெனடிக்ற் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, நான்தானே அடிச்சனான் என்றான். முடிச்சைத் தட்டச் சொன்னவர் ஆர் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவன் தலை நிமிர்ந்தது.

றொகான் குரலைத் தாழ்த்தினான். கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறவன் அவன். எல்லாரையும் அக்கா, அண்ணை என்றுதான் கூப்பிடுவான்.

“ஓலை எண்டு ஒரு சொல்லோட முடிச்சிருக்கலாமே அக்கா. இனிக் கந்தோர்க்காரர் வந்து நிண்டா ஆருக்கு நட்டம்?”

“என்ர கண்ணுக்கு ஆர் பொறுப்பு தம்பி?”

“பெனடிக்ற் அண்ணைக்குத்தான் நான் வேலை குடுத்தனான். அவருக்குக் கண்ணாடியும் குடுத்தனான். நீங்கள் உங்கட வீட்டில உங்கட மனுசனுக்கு ஒரு கை உதவி செய்தனீங்கள். மீன் வெட்டேக்க கை வெட்டுப்பட்டா முதலாளியையோ கேக்கிறது?”

“தோட்டத்துல கொழுந்து கொறஞ்சா அரைப் பேராவது போடுவாங்கன்னு எங்கம்மா சொல்லும்,” என்றாள் கலாராணி, பிள்ளையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு. “அரை நாள் சம்பளமாச்சும் உண்டு. ஒங்ககிட்ட நாங்க அரை ஆளும் இல்ல.”

றொகான் அதைக் காதில் விழுத்தவில்லை. அப்பிள் பையை எடித்தின் பக்கத்தில் வைத்தான். “சுகமாகி வாங்கோ அக்கா. அதுவரைக்கும் உங்கட சுவேதினி இருக்கிறாதானே. பிடிக்கிறதுக்குப் படிப்போ வேணும்?”

மகள் சுவேதினிக்குப் பதினைந்து வயது. அடுத்த வருசம் பள்ளிக்கூடத்தில் பெரிய சோதனை. எடித்துக்கு அதுவரை இருந்த பயம் தன் கண்ணோடு நின்றிருந்தது. இப்போது அது மகளின் முகத்தில் போய் இருந்தது: அந்தப் பெரிய கண்கள், மரக்குற்றிக்கு ஒரு சாண் தூரத்தில், உளியை உற்றுப் பார்த்தபடி. மூடாத கண்ணால் அவள் றொகானை நேரே பார்த்தாள்.

“சுவேதினி பிடிக்கமாட்டாள். நானும் பிடிக்கமாட்டன். நாங்கள் உங்கட ஆக்கள் இல்லையெண்டு சொல்லுறியள்தானே தம்பி. சரி. ஆளில்லாமல் கம்பி வெட்டுப்படட்டும் பாப்பம்.”

றொகான் சிரித்தான். மதலேனா சிரிக்கவில்லை. தன் வீட்டிலும் இனிப் பிடிக்க ஆளில்லை என்றாள். “லெச்சுமணன் வேணும்னா பல்லால கடிச்சுக்கிட்டு வெட்டட்டும்,” என்றாள் கலாராணி. வாங்கில் மருந்துக்குக் காத்திருந்த ஆரோ ஒரு கிழவர் பொக்கென்று சிரித்துவிட்டார். பிறகு ஒருத்தி விட்டதை ஒருத்தி பிடித்துச் சொன்னார்கள். வீட்டுக்கு வீடு வைஸ் பூட்டவேண்டும். பிடிக்கிறவளுக்கும் அடிக்கிறவனுக்கும் கண்ணை அடைத்து மூடும் கண்ணாடி வேண்டும், மெசினுக்கும் ஒட்டுக்கும் அதற்கான முகமூடி வேண்டும். கழற்றின உறையைத் திரும்பப் பூட்டவேண்டும். முடிச்சுத் தட்டுவதற்குத் தனிக் கூலி. எடித்தின் வைத்தியச் செலவு அவனுடையது. அதுவரைக்கும் ஒரு கம்பியும் இறங்கக்கூடாது.

“தோட்டவெளி ஊரில கம்பி கேட்டு வரிசையில நிக்கினம்,” என்றான் றொகான். முகத்தில் இப்போது அக்கா, அண்ணை ஒன்றுமில்லை. “நாளைக்குக் காலமை அங்க இறக்குவன். நீங்கள் பட்டினி கிடந்து பாருங்கோ.”

அவன் படியிறங்கினான். பெனடிக்ற் அப்பிள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். போய், லொறியின் ஆசனத்தில் அதை வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து எடித்தின் பக்கத்தில் இருந்தான்.

லொறி போனதும் எல்லாருக்கும் பயம் பிடித்தது. மதலேனா வாயைப் பொத்திக்கொண்டு, என்ன செய்துபோட்டம் என்றாள். வீட்டில் அரிசி எவ்வளவு கிடக்கிறது என்று ஒவ்வொருத்தியும் மனதுக்குள் அளந்தாள். தோட்டவெளிப் பெண்களில் ஒருத்தியையும் அவர்களுக்குத் தெரியாது. கலாராணிதான் கடைசியில் வாய் திறந்தாள்.

“தோட்டவெளியிலயும் கம்பி தானா நிக்காதுக்கா. அங்கயும் யாரோ ஒருத்தி குந்திக்கிட்டுத்தான் இருப்பா. நான் போய்ப் பாத்துட்டு வர்றேன்.”

அம்புலன்சில் எடித் மல்லாந்து கிடந்தாள். பாலம் தாண்டும்போது கடற்காற்று உள்ளே வந்தது. அசையக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவள் மூச்சைக்கூடச் சின்னதாகவே விட்டாள். பெரிதாக விட்டால் அந்தக் குறுணி இன்னும் உள்ளே போய்விடுமோ என்று பயம்.

மறுநாள் காலை யாழ்ப்பாணத்தில் பச்சை அங்கி போட்டுக் கட்டிலில் இருந்தாள். பெனடிக்ற் வாட்டுக்கு வெளியே. தலையணைக்குப் பக்கத்தில் போன் அடித்தது. தெரியாத இலக்கம். தெரியாத குரல், இளம் பிள்ளையின் குரல்.

“எடித் அக்காவோ? என்னை உங்களுக்குத் தெரியாது. நான் தோட்டவெளி ஜெனுஷா. அப்பாவுக்குக் கம்பி பிடிக்கிறனான்.”

எடித் போனைக் காதோடு அமத்தினாள்.

கலாராணி முதல் பஸ்சிலேயே கைப்பிள்ளையோடு வந்துவிட்டாளாம். வீடு வீடாய் ஏறி இறங்கினாளாம். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்களாம். பிறகு லொறி வந்ததாம்.

“பொய் சொல்லக்கூடாது அக்கா, ரெண்டு வீட்டில கம்பி இறக்கிப்போட்டினம். மற்ற ஒருத்தரும் கேற்றைத் திறக்கேல்ல. முதலாளி ஹோன் அடிச்சு அடிச்சுப் பாத்திட்டுப் போறார். கிழமை முடியமுன்னம் நாங்களே தேடி வருவமாம்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “எனக்கும் போன மாசம் கண்ணில பட்டது. ஒருத்தருக்கும் சொல்லேல்ல. இண்டைக்கு கலாராணி அக்கா என்னை மன்னாருக்குக் கூட்டிக்கொண்டு போறா. உங்கட கண் எப்பிடி?”

“இனித்தான் வெட்டப் போகினம். தெரியாது பிள்ளை.” இத்தனை நாளும் ஒருத்தருக்கும் சொல்லாததை, முகம் தெரியாத ஒருத்திக்குச் சொன்னாள். “சரியான பயமாக் கிடக்கு.”

“எங்களுக்கும்தான் அக்கா. எல்லாரும் பயந்துபோய் எங்கட வளவுக்குள்ளதான் நிக்கினம். ஒருத்தியும் வீட்ட போகேல்ல.” பின்னால் பெண்களின் குரல்கள் ஒன்றோடொன்று மோதின. ஆரோ செபம் சொல்லத் தொடங்க, ஆரோ அவளை அதட்டினார்கள். “வெளியில வந்த உடன ஆரையெண்டாலும் கொண்டு எங்களுக்குப் போன் எடுப்பியுங்கோ. நீங்கள் சொல்லும்வரைக்கும் இதிலதான் நிப்பம்.”

தாதி வந்து எடித்தின் பெயரைக் கூப்பிட்டுக் கையை நீட்டினாள். எடித் போனைக் கொடுத்தாள். அழைப்பை வெட்டிவிடாமல், அப்படியே கொடுத்தாள். பயம் அடங்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. இறங்கி நடந்தாள்.