பார்த்ததற்குக் கூலி

கழுத்து இடப்பக்கம் திரும்பியது, திரும்பியபடியே நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை பாறசாலைச் சந்தையில் மாட்டுத்தீவன மூட்டை இறக்கும்போது விஜயதாஸுக்கு வந்த வினை இது. மூட்டை லாரியிலிருந்து தலைக்கு வந்தது, தலையிலிருந்து கடைக்குள் போனது, கழுத்து மட்டும் பழைய இடத்துக்கு வரவில்லை. எச்சில் விழுங்கினாலும் காதுக்குப் பின்னால் கம்பி போட்டு இழுத்தது. வர்ம ஆசான் எண்ணெய் தேய்த்து, துணி சுற்றி, ஒரு வாரத்துக்குள் அதை நேராக்கப் பார்த்தால் பிறகு தன் வாசலுக்கு வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

சுமை தூக்குகிறவனுக்கு வலி ஒரு செய்தி அல்ல. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கிடந்திருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் மகள் ஜினியின் கல்யாண ஓலையை, ஆட்சேபம் உண்டா என்று கேட்கிற அறிவிப்பை, சபையில் வாசிக்க வேண்டும். மாப்பிள்ளை கள்ளிக்காட்டுப் பையன். அப்பன் ஆராதனைக்கு வராதவன் என்று கமிட்டியில் யாராவது வாயைத் திறந்தால் ஓலை தள்ளிப்போகும். ஓலை தள்ளிப்போனால் மாப்பிள்ளை வீட்டார் காரணம் கேட்பார்கள். அதனால் போனார்.

ஆலயத்தில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். விஜயதாஸ் வழக்கமான பெஞ்சில், வழக்கமான இடத்தில் உட்கார்ந்தார். கழுத்து அவரை நேராகப் பெண்கள் பக்கம் காட்டியது. அங்கே இருந்தது புஷ்பபாய், சபைச் செயலாளர் ஞானையனின் மனைவி. பாட்டு நேரத்திலும் காணிக்கை நேரத்திலும் விஜயதாஸ் அவளைப் பார்த்தார். கண்ணை மூடினால் தலை சுற்றியதால் ஜெபத்திலும் பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது, அது வலியில். புஷ்பபாய் பொறுக்க முடியாமல் எழுந்து முன் பெஞ்சுக்குப் போனாள். அதே நேரத்தில் காற்று போதவில்லை என்று விஜயதாஸும் மின்விசிறி தேடி முன் பெஞ்சுக்குப் போனார். மறுபடி அதே கோணம்.

பிரசங்கம் அஜீஷ் உபதேசியாருடையது. பையன் இறையியல் கல்லூரியிலிருந்து இப்போதுதான் வந்திருந்தான். எதைத் தொட்டாலும் கிறிஸ்தவத்தின் முதல் ஐநூறு வருஷத்துக்குள் போய் விழுவான். ஆதிச் சபையில் பாலைவனத்துக் குகைகளில் இருந்த துறவிகள் பாவத்தைப் பிரித்து வைத்துப் பார்த்தார்களாம். கெட்ட நினைவு ஆத்துமாவின் கதவைத் தட்டும். தட்டுவது பாவம் அல்ல. கதவைத் திறந்து, நாற்காலி போட்டு உட்கார்த்தி, சாயா கொடுத்தால்தான் பாவம். சாயா அஜீஷ் கையிலிருந்து சேர்த்தது. நாற்காலி போட்டவன் யார் என்று சபை திரும்பிப் பார்த்தது. விஜயதாஸ் வாய் திறந்தபடி புஷ்பபாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மாலை ஆலயத்து அறையில் விசாரணை வைத்தார் ஞானையன். விசாரணை முடியாமல் ஓலை வாசிக்க முடியாது என்று முன்னமே ஆள் விட்டுச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து ஜினி அப்பனிடம் பேசவில்லை. சோற்றை மட்டும் அவர் பார்க்கிற பக்கமாக வைத்துவிட்டுப் போனாள். விஜயதாஸோடு மனைவி சத்தியபாயும் வந்தாள். அவள் முந்திரி ஆலையில் வேலை பார்த்துவிட்டு நேரே வந்திருந்தாள். சீக்கிரம் முடியட்டும் என்ற முகம்.

ஞானையன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரைப் பார்த்தாலும் டிக்கெட் எடுக்காதவனைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார். விஜயதாஸ் அவரைப் பார்த்துப் பதில் சொல்ல வழியில்லை. இடப்பக்கத்து அலமாரியைப் பார்த்துச் சொன்னார்.

“கண்ணு அங்க நிண்ணு போச்சு, நான் என்ன செய்யட்டு? நான் ஒண்ணும் செய்யல்ல. பாத்தது மட்டும்தான். பாக்கது ஒரு வேலையாக்குமா, உபதேசியாரே?”

அஜீஷுக்கு இதைவிடச் சந்தோஷம் வேறில்லை. ஆத்துமாவின் சம்மதம் இல்லாமல் பாவம் இல்லை என்று ஆரம்பித்தான். அந்தக் காலத்தில் ஒரு பெரியவர், மனிதன் மனசு வைத்தால் தானாகவே நல்லவனாக இருக்கலாம் என்றாராம். இன்னொருவர், ஆத்துமா பிறக்கும்போதே கோணல், கிருபைதான் நிமிர்த்த வேண்டும் என்றாராம். கழுத்தையே நிமிர்த்த முடியாதவனிடம் அதை எதற்குச் சொல்கிறாய் என்று ஞானையன் அவனை நிறுத்தினார். பிறகு அலமாரிக்கு முன்னால் போய், விஜயதாஸின் பார்வையில் விழும்படி நின்றார்.

“எனக்க வீட்டுக்கு டைல்ஸ் வந்தப்ப நானும் எனக்க பயலுவளும்தான் சுமந்தோம். நீரு பிலா மரத்து மூட்டில நிண்ணு பாத்தீரு. பாத்ததுக்கு கூலி கேட்டு லாரிய மறிச்சீரு, வாங்கவும் செய்தீரு. அண்ணைக்கு பாக்கது வேலை. இண்ணைக்கு வேலை இல்லையோ?”

நோக்குகூலி இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. சுமையை வீட்டுக்காரனே இறக்கினாலும், சுமட்டுத் தொழிலாளி நின்று பார்த்தால் அவனுக்குக் கூலி. கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. சட்டம் வந்த பிறகுதான் விஜயதாஸ் வாங்கியிருந்தார்.

இப்போது அவருக்கு இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டது. பார்ப்பது வேலை என்றால் புஷ்பபாய் விஷயத்தில் முழு நாள் வேலை பார்த்திருக்கிறார். வேலை இல்லை என்றால் ஞானையனிடம் வாங்கியது களவு. சம்மதம் என்ற ஒரு வழி இருக்கிறதே என்று அஜீஷ் உதவிக்கு வந்தான். டைல்ஸ் இறங்கியபோது ஆத்துமா சம்மதித்ததா என்று கேட்டான். பூரண சம்மதம் என்று விஜயதாஸ் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

பயத்தில் வேறு பக்கம் பாய்ந்தார். புஷ்பபாயைப் பார்த்து எந்த ஆம்பிளைக்கும் கெட்ட நினைவு வராது, வேதத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ணுகிறேன் என்றார். ஜன்னலுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று அந்தக் கழுத்துக்குத் தெரியாது.

“எனக்க மூஞ்சிக்கு என்ன கொறச்சல், தம்பி?” என்றாள் புஷ்பபாய், வெளியிலிருந்து.

இப்போது மாட்டியது ஞானையன். விஜயதாஸ் சொன்னது சரி என்றால் இரவு சோறு கிடையாது. தப்பு என்றால் தன் மனைவி பாவத்துக்குத் தகுந்தவள் என்று கமிட்டியில் பதிய வேண்டும். ஆதிச் சபைப் பிதாக்கள் இதைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறார்களா என்பது போல அஜீஷைப் பார்த்தார். அஜீஷ் மேஜையைப் பார்த்தான்.

சத்தியபாய்தான் முடித்தாள். புஷ்பபாயிடம், அக்காவுக்கு ஒரு குறையும் இல்லை, இவருக்குத்தான் முப்பது வருஷமாகப் பார்க்கத் தெரியாது என்று சமாதானம் சொன்னாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

“டைல்சுக்கு வாங்கினது களவுண்ணு சொல்லும். பெண்ணு விஷயம்ணா ஜினிக்க மாமியாருக்கு நான் எந்த முகத்த காட்டது? களவுண்ணா கொள்ளாம், அது எல்லா வீட்டிலயும் உண்டு.”

விஜயதாஸ் சொன்னார். அலமாரியைப் பார்த்து அல்ல. உடம்பையே சுற்றித் திருப்பி, ஞானையனின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். வாங்கியதைத் திருப்பித் தருகிறேன் என்றார்.

“பைசா வேண்டாம்,” என்றார் ஞானையன். “வீட்டுக்கு மேல மாடி எடுக்கப் போறேன். அதுக்கு லோடு வரும்போ நீரு ஒற்றைக்குச் சுமக்கணும். நான் நிண்ணு பாக்கணும்.”

அப்படியென்றால் மன்னிப்பு இல்லையா என்று அஜீஷ் கேட்டான். மன்னித்தாயிற்று, அது வேறு, டைல்ஸ் வேறு என்றார் ஞானையன்.

ஞாயிற்றுக்கிழமை விஜயதாஸுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். உடம்பு வலப்பக்கச் சுவரைப் பார்க்க உட்கார்ந்தார். முகம் சரியாகப் பலிபீடத்துக்கு நேரே வந்தது. சபையில் அத்தனை கவனமாக அவர் ஒரு நாளும் இருந்ததில்லை என்று போதகரே சொன்னார். ஓலை வாசித்தார்கள், யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. புஷ்பபாய் புதுச் சேலை கட்டி வந்திருந்தாள். அன்றைக்கு அவளை ஒருவரும் பார்க்கவில்லை.

கழுத்து பிறகு நேரானது. ஜினி கள்ளிக்காட்டுக்குப் போய், இப்போது அப்பனிடம் போனில் பேசுகிறாள். ஞானையன் மாடி எடுக்கிற வழியாகத் தெரியவில்லை. சந்தையில் பார்த்து விஜயதாஸ் கேட்டால், ஒரு அவசரமும் இல்லை ஓய் என்கிறார். விஜயதாஸ் மூட்டை சுமந்து போவதை ஓரமாக நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அது கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

விஜயதாஸ் ஞானையனுக்கு ஒரு லோடு டைல்ஸ் இறக்கிக் கொடுக்க வேண்டும். இன்னும் கொடுக்கவில்லை.