மில் கூரையின் மேல் நிழல்கள்

பசுமை முதலாளியின் மர அறுவை மில்லுக்கு, அங்கே அதுவரை அறுபட்ட மரங்களின் நிழல்கள் கோடைக்காலத்தில் ஒருநாள் காலை வந்து சேர்ந்தன. மதில் ஏறி வந்து கூரைமேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கொண்டன. வானத்தில் மேகம் இல்லை. தெருவின் மற்றக் கூரைகளில் வெயில் கொளுத்தியது. மில் கூரையில் மட்டும் கிளையும் இலையுமாக இருட்டு அசைந்தது. வேறு கூரையாக இருந்தால் குளிர்ச்சி என்று சந்தோஷப்பட்டிருக்கலாம். இந்தக் கூரை முழுக்க சோலார் தகடுகள் இருந்தன. உள்ளே ரம்பம் நின்றது.

அந்தத் தகடுகளை வைத்தது முதலாளிதான். அப்பாவுக்குப் பிறகு மில் அவருக்கும் அக்காவுக்கும் பாதிப் பாதியாக வந்தது. அக்கா மரம் வாங்கினார், ஆட்களைப் பார்த்துக்கொண்டார். தம்பி கொள்கையைப் பார்த்துக்கொண்டார். மரத்தூளை எரித்து அந்தச் சூட்டில் பலகைகளைக் காயவைத்தார். பட்டையைத் தோட்டக்காரர்களுக்குக் கொடுத்தார். துண்டு துணுக்குகள் துடைப்பக் கைப்பிடிகள் ஆயின. எல்லாம் நல்ல காரியங்கள். செய்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அவருக்கு அது மட்டும் வரவில்லை. துக்கம் கேட்கப் போன வீட்டில்கூட மரத்தூளைப் பற்றிப் பேசினார். ஆட்கள் கிண்டலுக்கு வைத்த பெயர்தான் பசுமை முதலாளி. அவர் அதைப் பட்டமாக நினைத்து வாசல் கதவில் எழுதி வைத்தார், பச்சைப் பெயிண்டில். கடைசியில், இனி இந்த மில் வெயிலில் மட்டும்தான் ஓடும் என்று அறிவித்து டீசல் இன்ஜினை விற்றார்.

"மூலையில கெடந்தா என்னடா, அது சோறா கேக்குது?" என்றார் அக்கா.

"இருந்தா மனசு அங்கயே போகும்க்கா."

மனசு இப்போது அங்கேயேதான் போனது. இன்ஜின்தான் இல்லை.

முதலாளி கூரையேறி நிழல்களைத் துடைப்பத்தால் பெருக்கிப் பார்த்தார். தண்ணீர் அடித்துப் பார்த்தார். நிழல்கள் இன்னும் பசுமையாக அசைந்தன. தகடு மாட்டிய ஆள் வந்து எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துவிட்டு, தகட்டில் கோளாறு இல்லை, நிழலுக்கு வாரண்டி கிடையாது என்று சொல்லிப் போனார். ரம்ப மேஸ்திரியை எதிர்த்தெரு மில்காரர் கூப்பிட்டுவிட்டார். மேஸ்திரி போனால் மற்றவர்களும் போவார்கள். அக்கா சுருக்கமாகச் சொன்னார்: "மழைக்கு முன்னாடி ரம்பம் ஓடலேன்னா என் பங்க எதிர்த்தெருக்காரனுக்கே குடுத்துருவேன். அப்புறம் நீ அவன்கிட்ட கொள்கை பேசு."

போகிற போக்கில் திரும்பி நின்று இன்னொன்றும் கேட்டார். "ஆமா, ஒரு மரம் அறுத்தா ஒரு கன்னு நடுறேன்னு ஊரெல்லாம் சொன்னியே. எங்கடா நட்ட?"

முதலாளி வாசல் பக்கம் கைகாட்டினார். அங்கே ஒரு குழி இருந்தது. அதில் ஒரு குச்சி இருந்தது.

"எல்லாத்தையுமா?"

"குழி ஏற்கெனவே வெட்டி இருந்துச்சுக்கா. அத ஏன் வீணாக்கணும்? ஒண்ணு பட்டுப்போனதும் அடுத்தது. ஆனா ஒவ்வொரு தடவையும் புதுக் கன்னுதான். போட்டோ இருக்கு."

அக்கா பக்கத்திலிருந்த மரத்தடிமேல் உட்கார்ந்தார். "அடேயப்பா. ஒரு காட்டையே ஒரு குழியில நட்டிருக்கான். அதுங்க பாவம், நிக்க எடமில்லாம இங்க வந்திருக்கு."

மில்லுக்குப் பின்னால் குடும்பத்துக்கு ஒரு சரிவு நிலம் சும்மா கிடந்தது. முதலாளி மண்வெட்டியோடு அங்கே போனார். அதுவரை குழி வெட்டுவதைப் பற்றிப் பேசியிருந்தாரே தவிர வெட்டியதில்லை. முதல் நாள் அவர் வெட்டிய குழியில் ஒரு கிண்ணத்தைக்கூட நட முடியாது. கை கொப்பளித்தது. குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். மூச்சு வாங்கியதில் பேச்சு நின்றது. அதற்காகவே ஆட்கள் அந்தச் சரிவைக் கும்பிட்டார்கள். ஒரு கன்று வேர் பிடித்துப் புதுத் துளிர் விட்டதும், கூரையிலிருந்து ஒரு நிழல் எழுந்து, மதிலைத் தாண்டி, மெதுவாகச் சரிவேறிப் போய் அதனடியில் படுத்துக்கொண்டது. பிறகு இன்னொன்று. முழங்கால் உயரக் கன்றுகளின் கீழ் நான்கு மாட்டுவண்டி நிறுத்தும் அளவுக்கு நிழல் விழுந்தது. ஆடுகள்தான் முதலில் கண்டுபிடித்தன. பிறகு ஆட்களும் அங்கே சாப்பிடப் போனார்கள். நிழலுக்குரிய கன்றை மிதித்துவிடாமல் உட்காருவது மட்டும்தான் சிரமம். முதல் மழைக்கு முன்பே கூரை வெளுத்தது. ரம்பம் முனகியது, பிறகு சுற்றியது, பிறகு அறுத்தது. எதிர்த்தெருவுக்குப் போகப் பையைக் கட்டியிருந்த மேஸ்திரி, பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை மட்டும் எடுத்து வைத்துவிட்டு வேலையில் நின்றார். அக்கா பங்கைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

ஒரே ஒரு நிழல் மட்டும் கூரை ஓரத்தில் மிச்சம் இருந்தது. எல்லா மரத்துக்கும் நட்டாயிற்றே என்று முதலாளி சத்தியம் செய்தார்.

"உன் ரூம் மேஜைக்கு ஒண்ணு அறுத்தியே, ஒரே பலகையில வேணும்னு?" என்றார் அக்கா.

"அது சொந்த உபயோகம்க்கா. மில் கணக்குல வராது."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்தது. அதற்கும் ஒரு கன்று நட்டார். கன்று பிழைத்தது. நிழல் கூரையை விட்டு இறங்கியது, கன்றுவரை போய்ப் பார்த்தது, திரும்பி வந்து முதலாளிமேல் நின்றது. அப்புறம் போகவில்லை. சொந்த உபயோகம் என்று அவர்தானே சொன்னார். அவர் நடந்தால் முக்கால் தெரு இருண்டது. பலகை வாங்க வந்தவர்கள் பேரம் முடிந்தும் பக்கத்திலேயே நின்றார்கள். அவரை நாடித்தான் நிற்கிறார்கள் என்று கொஞ்ச காலம் நம்பினார். பிறகு குளிர்காலம் வந்தது, அப்போது பேரம் முடிந்ததும் ஒருவரும் நிற்கவில்லை.

வீட்டில் அவர் மனைவி இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் கொடியில் துணி போட்டுவிட்டு, வாசலில் நிற்கும் புருஷனைப் பார்த்து, "ஏங்க, கொஞ்சம் அந்தப் பக்கம் போய் நில்லுங்க. துணி காயணும்" என்பார்.

அவர் தள்ளி நிற்பார். துணி காயும்.